ஓரத்துல எழுதினது யாரு

— யாராவது பின்னாலயே வர்றாங்களா அக்கா?

— எதிர்வீட்டு நாய் வருது. அதையும் பிடிச்சு விசாரிக்கலாமா? தள்ளுடா யோர்தானி, உள்ள விடு. காலு ரெண்டும் கடுக்குது.

— விட்டுட்டாங்களா, இல்ல மறுபடி வரச் சொல்லியிருக்காங்களா?

— விட்டுட்டாங்க.

— நிஜமாவா?

— உன் முன்னாலதானே நிக்கிறேன். ஃபேனைப் போடு.

— கரண்ட் ஏது? இந்தா, அட்டையால விசிறிக்கோ. அப்பாடா, இப்பதான் எனக்கு மூச்சே வருது. நீ காலையில அரசாங்க ஆபீசுக்கு விசாரணைக்குப் போனதுலேர்ந்து வாசலையே பார்த்துட்டு நிக்கிறேன். அம்மா உனக்கு ஒரு பை கட்டி வெச்சிருக்காங்க. சோப்பு, பல் பிரஷ், மாத்துத்துணி. ஜெயிலுக்குன்னு வாயால சொல்லல, எதுக்கும் இருக்கட்டும்னாங்க. இப்ப மாதா கோயில்ல அழுதுட்டு நிக்கிறாங்க.

— ஹார்டு டிஸ்க் எல்லாம் எங்க?

— அரிசிப் பானைக்குள்ள.

— அரிசி?

— இந்த மாச ரேஷன் அரிசிதான் இன்னும் வரலியே. பானை காலியாத்தானே கிடந்துச்சு.

— நல்ல மூளை. ஊர்ல ஒரு வீட்டுலயும் அரிசி இல்ல, நம்ம வீட்டுல மட்டும் பானைக்குத் தட்டு போட்டு மேல கல்லு வெச்சிருக்கு. வர்றவன் நேரா அதைத்தான் திறப்பான்.

— அட போங்கய்யா. பதட்டத்துல வேற எதுவும் தோணல. வாரா வாரம் இந்த ஹவானாவுல சினிமா, நாடகம், புத்தகம்னு காப்பி போட்டுக் குடுக்கறவன் நான். இன்டர்நெட்டுக்குக் காசில்லாத சனத்துக்கு நான்தான் இன்டர்நெட். இதுவரைக்கும் ஒருத்தனும் என்னைக் கூப்பிட்டதில்ல, ஏன்னா அரசியல்னு ஒரு வரி கூட ஏத்த மாட்டேன். நீ எழுதின, புத்தகம் படிக்கிற சாஃப்ட்வேரை ஏத்தினேன் பாரு, அன்னிக்குப் பிடிச்சது சனி.

— சாஃப்ட்வேர் நான் சொன்னதைத்தாண்டா செஞ்சுது. நான்தான் ஊரை மறந்துட்டேன். படிக்கறவங்க ஓரத்துல குறிப்பு எழுதிக்கட்டும்னு ஒரு வசதி வெச்சேன். குறிப்பு அந்தப் புத்தகத்தோடயே ஒட்டிக்கிட்டு இருக்கும். எழுதினவன் போன்லயே கிடக்கும், வேற எங்க போகப்போகுதுன்னு நினைச்சேன்.

— நம்ம ஊர்ல எவன் வெறுங்கையோட வர்றான்? புதுசு வாங்க வரும்போதே, தன்கிட்ட இருக்கறதை, இந்தா நீயும் ஏத்திக்கோன்னு குடுத்துட்டுத்தான் போவான். வாங்கினா திருப்பிக் குடுக்கணும், அதுதானே வழக்கம்.

— அதான் எனக்கு உறைக்கல. குறிப்போட புத்தகம் உன்கிட்ட வந்து, உன்கிட்டேர்ந்து ஊர் முழுக்கப் போயிடுச்சு. ஒருத்தன் எழுத, முகம் தெரியாத இன்னொருத்தன் அதுக்குப் பதில் எழுத, பெரிய பேச்சே நடந்துட்டிருக்கு. படிக்கறதுன்னா தனியா உட்கார்றதுன்னு நினைச்சிருந்தேன். அதைப் பார்த்தப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தப்பைத் திருத்த ஒரு சாயங்காலம் போதும். மனசு வரல.

— உனக்கு மனசு வரல, அம்மா பை கட்டினாங்க. சரி, அங்க என்ன கேட்டாங்க?

— ஒரே ஒரு அதிகாரிதான். ஒல்லியா, கண்ணாடி போட்டவர். தன் போனை எடுத்து மேஜை மேல வெச்சார். நம்ம சாஃப்ட்வேர். நீ காப்பி போட்ட அந்தக் கப்பல் நாவல் திறந்திருக்கு. ரொட்டி தீர்ந்துபோனதை மாலுமிங்க யாரும் பேசக் கூடாதுன்னு கேப்டன் உத்தரவு போடுவானே, அந்தப் பக்கம். ஓரத்துல இருந்த குறிப்பைச் சத்தமா வாசிச்சார்.

— என்ன குறிப்பு?

— தெரியாத மாதிரியே கேளு. “அட போங்கய்யா. ரொட்டி இல்லன்னு மாலுமிக்கும் தெரியும், கேப்டனுக்கும் தெரியும். ஆனா திங்கக்கிழமை காலைக் கூட்டத்துல எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டணும்.”

— ஐயோ.

— கீழ ஊரே பதில் எழுதி வெச்சிருக்கு. எங்க கப்பல்லயும் அதே கதைதான்னு ஒருத்தர். எங்க கப்பல்ல கைதட்டறதுக்கும் வரிசையில நிக்கணும்னு இன்னொருத்தர். அதிகாரி முகத்துல ஒரு சலனமும் இல்ல. இதை எழுதினது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமான்னு கேட்டார்.

— நீ என்ன சொன்ன?

— முடியாதுன்னேன். பேர் வாங்கறதில்ல, எந்த போன்னு பதியறதில்ல, தேதி கூடக் கிடையாது. படிக்கும்போது ஒருத்தனுக்கு என்ன தோணுதுன்னு அவன் பேரோட சேர்த்து வெச்சா, நாளைக்கு அவன் நினைக்கறதுக்கே பயப்படுவான், அதனாலதான் சாஃப்ட்வேரை அப்படி எழுதினேன்னேன்.

— அதை அவர்கிட்டயேவா சொன்ன? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா அக்கா?

— என்ன பண்றது, வந்துடுச்சு. அவர் விடல. பெரிய நிபுணர் யாராவது வந்து தோண்டினா கிடைக்குமான்னார். நீங்களே நினைச்சா முடியுமான்னார். இல்லாததை எங்கேர்ந்து தோண்டறது, யார் வந்தாலும் முடியாதுன்னு சொல்லிட்டேன். கண்ணுக்குள்ள உன் முகம்தான் நின்னுச்சு.

— என் முகம் எதுக்கு?

— நடிக்காதடா. அந்த “அட போங்கய்யா”வைக் கேட்ட உடனேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பேர் பதிஞ்சு வெச்சிருந்தா கூட நான் சொல்லியிருக்க மாட்டேன். என்னை உள்ள வெச்சாலும் சரின்னுதான் உட்கார்ந்திருந்தேன்.

— அக்கா, அம்மா மேல சத்தியமா நான் எழுதல. ஹவானாவுல “அட போங்கய்யா” சொல்லாதவன் யாரு? பாதிரியாரே சொல்றார். அதுவுமில்லாம நான் என்னிக்குப் புத்தகம் படிச்சிருக்கேன்? காப்பி போடறதோட சரி. தியேட்டர்ல டிக்கெட் கிழிக்கறவன் படமா பார்க்கறான்?

— நிஜமாவே நீ இல்லையா?

— இல்லவே இல்ல. நீ எனக்காகவா இப்படி உசுரைக் கையில பிடிச்சுட்டு இருந்த? கிறுக்கு. இங்க வா, கண்ணைத் துடை.

— ஒண்ணுமில்ல, நிம்மதியில வருது. விடு.

— சரி, கடைசியில என்ன ஆச்சு? கத்தினாரா?

— கத்தல. கண்ணாடியைக் கழட்டி ரொம்ப நேரம் துடைச்சார். அப்புறம் எனக்குக் காபி வரவழைச்சார். ரேஷன் காபி மாதிரி பட்டாணி கலந்தது இல்ல, அசல் காபிடா. இதை இப்படியே வெச்சிருங்க தோழர் ஒடாலிஸ், எதையும் மாத்திடாதீங்கன்னார்.

— தடை கிடையாதா?

— கிடையாது. மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார். சுத்துமுத்தும் பார்த்துட்டு மெதுவா ஒண்ணு கேட்டார். உன்னைப் பிடிக்கத்தான் பொறி வைக்கிறார்னு நினைச்சு, காதுல விழாத மாதிரி இறங்கி வந்துட்டேன். இப்பதான் எனக்கு விளங்குது.

— அப்படி என்ன கேட்டார்?

— “அந்தக் குறிப்புல கடைசியா ஒரு வரி விட்டுப்போச்சு. அதைச் சேர்க்க ஏதாவது வழி இருக்கா?”ன்னார்.