தம்பியின் செல்களுக்குச் சாப்பாடு

செல்களுக்குச் சாப்பாடு போடுவது அலுப்பான வேலை. தட்டிலிருக்கும் பழைய திரவத்தை உறிஞ்சிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் என் கைமேல் நம்பிக்கை. நான் தொட்ட தட்டில் பூஞ்சை பிடித்ததில்லை.

தம்பி மனைவியும் அங்கேதான் ஆராய்ச்சி செய்தாள். அவளை முதன்முதலில் வீட்டுக்குக் கூட்டிப்போனதே நான்தான். அதற்குப் பிறகு நான் போடும் காபியில் அவனுக்குத் தினமும் ஒரு குறை. அம்மா போனபின் அவனை வளர்த்தவள் நான். தலைவலியைக்கூட என்னிடம்தான் முதலில் சொல்வான். ஈரல் கெட்டிருப்பதை அவளிடம் முதலில் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஈரலில் காயம்பட்டால், தழும்பு கட்டச் சொல்லிச் செல்கள் ஒன்றுக்கொன்று ஒரு புரதத்தைச் சேதியாக அனுப்பும். ஆறியதும் சேதி நிற்க வேண்டும். வைரஸ் பல வருடமாகக் காயப்படுத்தியதில் தம்பிக்கு அது நிற்கவேயில்லை. விட்டால் புற்றில் முடியும். அந்தச் சேதியை அடைக்கும் மருந்தைத்தான் அவள் சோதித்தாள். அவன் ஈரலிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் மருந்துக்கு அடங்கினால் அவனுக்கும் கொடுக்கலாம் என்றார் டாக்டர்.

முதல் தட்டு அடங்கியது. அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதான் எனக்கு உயிர் குடுத்திருக்கே" என்றான். நான் காபியோடு பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

இன்னும் சில தட்டுகள் பாக்கி. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

"அண்ணி, நான் அவர்கூட இருக்கணும். தட்டுல இருக்கற நம்ம பிள்ளைங்களுக்கு நீங்க சாப்பாடு போட்டுடறீங்களா?"

"போயிட்டு வாம்மா. நான் பாத்துக்கறேன்."

போட்டேன். சேதி சொல்லும் அந்தப் புரதத்தையும் சேர்த்துத் தாராளமாகவே போட்டேன். மருந்தை மீறிச் செல்கள் தழும்பு கட்டின. அந்த மருந்தைக் கொடுக்க முடியாதென்று டாக்டர் கைவிரித்துவிட்டார். எங்கே தப்பு செய்தோம் என்று அவள் என் தோளில்தான் சாய்ந்து அழுதாள். தட்டிக்கொடுத்தேன்.

புற்று வந்தபின் அவன் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சம். கடைசிவரை ஊட்டிவிட்டது நான்தான்.

அவன் கடைசியாகச் சொன்னதை அவளும் விசாரணையில் உங்களிடம் சொல்லியிருப்பாள். "அக்கா, அவளப் பாத்துக்கோ." பின்பாதியைச் சொல்லிச் சொல்லி அழுகிறாள், பாவம். அவன் முதலில் கூப்பிட்டது யாரை என்பதைக் கொஞ்சம் எழுதிக்கொள்ளுங்கள்.