வாசலில் நின்று சொன்ன விலை

மனைவி: பன்னெண்டாயிரமா? ஒரு மாமரத்துக் கிளையக் கழிக்கிறதுக்குப் பன்னெண்டா...

மரக்காரர்: மெதுவாப் பேசுடி, அந்தத் தையலம்மா காதுல...

மனைவி: விழட்டும்! நீங்க விலை சொன்னதும் தையல் மெஷின் சத்தமே நின்னு போச்சு, கவனிச்சீங்களா?

மரக்காரர்: இஸ்திரிப் பெட்டிய அணைக்க உள்ள போயிருக்காங்க. மயங்கி ஒண்ணும் விழல.

மனைவி: அணைச்சுட்டு அப்படியே பின்வாசல் வழியா ஓடியிருப்பாங்க.

மரக்காரர்: ஓடினா ஓடட்டும். நமக்குக் கட்டுப்படியாகிற விலையத்தானே சொல்ல முடியும்?

மனைவி: எது கட்டுப்படி? நான் சொல்றேன், விரல விட்டு எண்ணிக்குங்க. வீட்டு ஓட்டுக்கு மேல நாலு கிளை. அது நாலையும் கயித்துல கட்டித்தான் இறக்கணும். சரி, அதுக்குக் காசு உண்டு. மீதி அஞ்சு கிளை இந்தப் பக்கம். கீழ என்ன இருக்கு? வெறும் மண்ணு. வெட்டினா தானா விழும். அதுக்கு எதுக்கு...

மரக்காரர்: எனக்கே பாடம் நடத்துறியா?

மனைவி: நீங்க நடத்தின பாடந்தான்! 'கிளைக்கு விலை இல்லடி, அது விழுற இடத்துக்குத்தான் விலை'ன்னு கல்யாணமான புதுசுல சொன்னீங்க. மத்தவன்லாம் பொண்டாட்டிகிட்ட கண்ணு, மூக்குன்னு பேசுவான். எனக்குக் கிடைச்சது கிளை.

மரக்காரர்: அதுல என்ன குறை வந்துச்சு இப்ப?

மனைவி: குறை அப்ப இல்ல, இப்பதான். அப்பல்லாம் மரத்த மூணு சுத்து சுத்துவீங்க. அண்ணாந்து பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்கும். இன்னிக்கு கேட் பக்கத்துலயே நின்னுக்கிட்டு பன்னெண்டுன்னுட்டீங்க. தலையத் தூக்கி ஒரு பார்வை... ம்ஹூம்.

மரக்காரர்: இருபது வருஷ அனுபவம். பாக்காமலே தெரியும்.

மனைவி: ஓஹோ! அந்த அனுபவந்தான் போன வாரம் கொய்யாவுக்கு முந்நூறு போதும்னுச்சா? நாலு மணி நேர வேலை. தழைய அள்ளிக் கொட்ட ரெண்டு நடை. டீசலுக்கே காணல.

மரக்காரர்: பாவம், வயசான மனுஷன்...

மனைவி: மாடி வீடு, வாசல்ல ரெண்டு காரு. பாவமாம்! ஏணிக்கு எட்டுற மரம்னா நீங்க தர்மப்பிரபு. ஏணிக்கு மேல போச்சுன்னா கொள்ளைக்காரன். மூணு மாசத்துல எட்டு மரம் கைவிட்டுப் போயிருக்குங்க. இந்தத் தெருவுல உங்களுக்குப் பேரே வச்சுட்டாங்க.

மரக்காரர்: என்ன பேரு?

மனைவி: தங்க ரம்பம்.

மரக்காரர்: ...கேக்க நல்லாத்தான் இருக்கு.

மனைவி: சிரிக்காதீங்க! எனக்கு எரியுது. இன்னும் ரெண்டு வீட்டுல இப்படிச் சொன்னீங்கன்னா நம்மளக் கூப்பிட ஆளே இருக்காது. அப்பறம் அந்த ரம்பத்த வச்சு நகந்தான் வெட்டிக்கணும்.

மரக்காரர்: அதுக்கும் விலை சொல்லிட்டாப் போச்சு.

தையலம்மா: என்ன, வாசல்ல ஒரே சிரிப்பா இருக்கு? இந்தாங்க, தண்ணி குடிங்க ரெண்டு பேரும். வெயில்ல நிக்க வச்சுட்டேன்.

மனைவி: பரவாயில்லம்மா.

தையலம்மா: மரக்காரரே, நான் பேரம் பேச வரல. ஒரே ஒரு விஷயம். நானும் முப்பது வருஷமா விலை சொல்லிப் பொழைக்கிறவதான்.

மரக்காரர்: சொல்லுங்கம்மா.

தையலம்மா: சில பேரு வழுக்குற துணியாக் கொண்டு வருவாங்க. ஊசிக்கு அடங்காது. என் கண்ணும் முன்ன மாதிரி இல்ல. ஆனா 'என்னால முடியாது'ன்னு சொல்ல நாக்கு எழும்பாது பாருங்க... அப்ப என்ன பண்ணுவேன் தெரியுமா? கூலிய மூணு மடங்கு சொல்லுவேன். அவங்களே துணிய மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. எனக்குக் கண்ணும் மிச்சம், கௌரவமும் மிச்சம்.

மரக்காரர்: இது... இது அப்படி இல்லம்மா.

தையலம்மா: நான் துணியத்தானே சொன்னேன்? சரி, மரத்துக்கு வருவோம். காத்தடிச்சா அந்தக் கிளை ஓட்டத் தேய்க்குது. ஏற்கெனவே ரெண்டு ஓடு நகந்து போச்சு. ஒழுகினா கீழ இருக்கிறது என் துணி இல்ல, ஊரார் துணி. மழைக்கு முன்னாடி யாராவது ஏறியே ஆகணும். நீங்க வரலேன்னா அந்தப் பொம்பளயத்தான் தேடணும்...

மரக்காரர்: எந்தப் பொம்பள?

தையலம்மா: மூலை வீட்டு நாவல் மரத்த ஒரு பொம்பள ஏறிக் கழிச்சாளாமே. நாலாயிரத்துக்கு!

மனைவி: ஹக்... ஹக்கு...

தையலம்மா: பாத்தும்மா, மெதுவாக் குடி. தலையில தட்டிக்க.

மரக்காரர்: பொம்பளயா? நாவல் மரத்துலயா?

தையலம்மா: ஆமாங்கறேன். ஆம்பளச் சட்டை, தலையில துண்டு. சுத்தமான வேலையாம். யாரு, எவருன்னு கேட்டா அந்த வீட்டுல வாயத் தொறக்க மாட்டேங்கிறாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டாளாம்.

மரக்காரர்: அதிசயமா இருக்கே.

தையலம்மா: என்னமோ போங்க. ஒரு சட்டைக்கு நாலு பட்டன் பாக்கி. வச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் பேசி, கடைசியா ஒரே விலை சொல்லுங்க. சரின்னா சரி, இல்லன்னா இல்ல.

மனைவி: சரிம்மா... உள்ள போயிட்டாங்க. ஏதாவது பேசுங்க.

மரக்காரர்: என்னத்தப் பேச? ஊசி பிடிக்கிற கை. குத்தினதே தெரியல, ரத்தம் மட்டும் வருது.

மனைவி: அப்ப... துணி வழுக்குதுதான்?

மரக்காரர்: டாக்டர் வீட்டு வாகை மரம் ஞாபகம் இருக்கா?

மனைவி: ம்.

மரக்காரர்: இடது கால் சறுக்கிருச்சு. பெல்ட்டு பிடிச்சுக்கிச்சு. ஒரு சிராய்ப்புகூட இல்ல. அதனால யாருகிட்டயும் சொல்லல. ஆனா அன்னையிலேருந்து... ரெண்டாவது கவட்டையத் தாண்டினா... தொடைநடுங்கின்னு திட்டுவாங்கல்ல? அது வெறும் வசவுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்டி. நெசமாவே தொடைதான் நடுங்குது.

மனைவி: தெரியும்.

மரக்காரர்: என்ன தெரியும்?

மனைவி: கீழ கயித்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது யாரு? நீங்க மேல நடுங்கினா அது கயித்து வழியா இறங்கி என் உள்ளங்கைக்கு வந்துடுது.

மரக்காரர்: தெரிஞ்சுக்கிட்டேதான் மூணு மாசமாக் கொள்ளைக்காரன், பேராசை பிடிச்சவன்னு...

மனைவி: பேராசைன்னு திட்டினா சிரிச்சுக்கிட்டே சாப்பிட்டீங்க. பயம்னு சொல்லியிருந்தா தட்டுல கை வச்சிருப்பீங்களா?

மரக்காரர்: ...மாட்டேன்.

மனைவி: அதான். ஆனா ஒண்ணுங்க. ஆறரை இந்த மரத்துக்கு. பாக்கி அஞ்சரை உங்க பயத்துக்கு. அதுக்கு எதுக்கு அந்தம்மா காசு குடுக்கணும்?

மரக்காரர்: யாருகிட்ட வாங்கினேன்? வேண்டாம்னு போகட்டும்னுதானே சொன்னேன்.

மனைவி: யாராவது சரின்னுட்டா?

மரக்காரர்: ஒருத்தர் சொல்லிட்டாரு. அந்த ஹோட்டல்காரரு. பதினெட்டு சொன்னேன், மனுஷன் கண்ணக்கூட இமைக்கல. நாளைக்கே வாங்கன்னுட்டாரு. அப்பறந்தான் எனக்கு மூணு நாள் வயித்து வலி.

மனைவி: அடப்பாவி மனுஷா! மருந்துக்கடைக்கு நாலு தடவ ஓடினேனே!

மரக்காரர்: அந்த மாத்திரைய முழுங்கினப்பறந்தான் நெசமாவே வலிச்சுச்சு.

மனைவி: நல்லா வேணும்.

மரக்காரர்: ம்.

மனைவி: ...நானும் ஒண்ணு சொல்லணும்.

மரக்காரர்: சொல்லு.

மனைவி: செவ்வாயும் வெள்ளியும் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்னு போவேன்ல...

மரக்காரர்: ஆமா.

மனைவி: தங்கச்சி வீட்டுக்குத்தான் போனேன். அங்கேருந்து ரெண்டு பேருமா... அந்த நாவல் மரத்துல ஏறினது நான்தாங்க. நீங்க விலை சொல்லி விரட்டின வீட்டுக்கெல்லாம் திரும்பப் போயிக் கதவத் தட்டினேன். 'அவருக்கு வேல ஜாஸ்தி, நான் செஞ்சு தர்றேன், அவருகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு. எட்டுல அஞ்சு முடிச்சாச்சு. முதல்ல ஒரு வேம்பு. சின்னதுதான். ஏறினப்பறம் இறங்கவே மனசு வரல. அங்கேருந்து பாத்தா நம்ம வீட்டு மாடில நான் காயப்போட்ட போர்வை தெரியுது... கோவமா?

மரக்காரர்: கயிறு யாரு பிடிச்சா?

மனைவி: தங்கச்சிதான்.

மரக்காரர்: அவளா! துணிக்கொடியவே இறுக்கிக் கட்டத் தெரியாதவ...

மனைவி: திட்டறதுன்னா என்னத் திட்டுங்க. அவள எதுக்கு இழுக்கிறீங்க? வண்டிக்கு ரெண்டு புது டயரு எப்படி வந்துச்சு? அவ கயிறு பிடிச்சதுலதான் வந்துச்சு.

மரக்காரர்: உங்கம்மா வாங்கிக் குடுத்தாங்கன்னு சொன்ன?

மனைவி: எங்கம்மா எந்தக் காலத்துலங்க மகளுக்கு டயரு சீர் செஞ்சிருக்காங்க?

மரக்காரர்: அதுவும் சரிதான்... நாவலுக்கு நாலாயிரம்னு எப்படிச் சொன்ன?

மனைவி: உங்க கணக்குதான். கிளைய எண்ணி, விழுற இடத்தப் பாத்து, அள்ளுற நடையக் கூட்டி... ஆறு வந்துச்சு.

மரக்காரர்: அப்பறம்?

மனைவி: அப்பறம்... புதுசு நான், பொம்பள வேற. ஆறுன்னா சிரிச்சுடுவாங்களோன்னு ரெண்டக் குறைச்சுட்டேன்.

மரக்காரர்: என் பயம் விலைய ஏத்துச்சு, உன் பயம் இறக்கிருச்சு. பெரியவங்க பாத்துத்தான் ஜோடி சேத்திருக்காங்க.

மனைவி: கிண்டல் பண்ணாதீங்க.

மரக்காரர்: கிண்டல் இல்ல. வா இந்தப் பக்கம். சுத்திப் பாப்போம்.

மனைவி: இப்பவா?

மரக்காரர்: வேற எப்ப? கிளைய எண்ணு.

மனைவி: ஒம்பது. அப்பவே சொன்னேனே.

மரக்காரர்: பத்து. இப்படி வந்து நில்லு. அந்தக் கொத்துத் தழைக்குப் பின்னாடி என்ன தெரியுது?

மனைவி: ...பட்டுப்போன கிளை!

மரக்காரர்: தொட்டாலே முறியும். அதுல கால வச்சிடாத. அதையும் சேத்துக் கயித்துல கட்டணும். அதுக்கு மேல பாரு, இலையெல்லாம் சுருட்டிக்கிட்டு... எறும்புக் கூடு.

மனைவி: ஐயோ, நான் கீழேருந்து பாக்கவே இல்ல.

மரக்காரர்: ஏறினப்பறம் அது உன்னப் பாத்திருக்கும். இப்பச் சொல்லு விலைய.

மனைவி: ஓட்டுக்கு மேல அஞ்சாச்சு... மண்ணுல அஞ்சு... வண்டி மூணு நடை... எறும்புக்கு...

மரக்காரர்: எறும்புக்கு உண்டு. கடிக்குமில்ல?

மனைவி: ஏழு... ஏழரை?

மரக்காரர்: இழுக்காமச் சொல்லு. நீ இழுத்தா அவங்க அறுப்பாங்க.

மனைவி: ஏழரை.

தையலம்மா: என்ன ஏழரை? யாருக்குப் பிடிச்சிருக்கு?

மரக்காரர்: மரத்துக்கும்மா. ஏழாயிரத்து ஐநூறு. ஓட்டுக்கு மேல அஞ்சு கிளை, கயித்துல இறக்கணும். இந்தப் பக்கம் அஞ்சு. தழையெல்லாம் நாங்களே அள்ளிக்கிட்டுப் போயிடுவோம். வேலையில ஓடு உடைஞ்சா மாத்தித் தர்றது எங்க பொறுப்பு. அந்த நகந்த ரெண்டையும் சேத்து வச்சுக் குடுத்துடறோம்.

தையலம்மா: வந்ததும் பன்னெண்டு, இப்ப ஏழரை. நாலு பட்டன் வைக்கிறதுக்குள்ள மரம் சுருங்கிப் போச்சா?

மரக்காரர்: அப்ப நான் ஏறுறதா இருந்துச்சும்மா.

தையலம்மா: இப்ப?

மனைவி: நான் ஏறுறேம்மா. அவரு கீழ.

தையலம்மா: நீயா...? ஏம்மா, அந்த ஆம்பளச் சட்டையும் துண்டும்...

மனைவி: பையில இருக்கு.

தையலம்மா: அடி கள்ளி! என் வீட்டுத் தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருமுறியா? சரி, ஏழரைக்கு நான் சம்மதம். அந்தச் சட்டைய எடு. யாரோடது?

மனைவி: இவரோடதுதான்.

தையலம்மா: பாத்தியா, தோள் ரெண்டு விரக்கடை தொங்குது. கிளையில மாட்டி இழுத்தா என்ன ஆகும்? குடு, பத்து நிமிஷத்துல பிடிச்சுத் தர்றேன்.

மனைவி: எவ்வளவும்மா?

தையலம்மா: சரியான கூலிதான். இது வழுக்காத துணி.

மரக்காரர்: வண்டியிலேருந்து கயித்த எடுத்துட்டு வர்றேன். புதுக் கயிறு. நீ எறும்புக்கு முழுக்கை சட்டைய நல்லா பட்டன் போட்டுக்க.

மனைவி: ஏங்க, ஒரு நிமிஷம்... அவங்க உள்ள போயிட்டாங்கல்ல? ஏழரை கொஞ்சம் ஜாஸ்தியோன்னு இருக்கு. அந்த நாவலுக்கே நாலுதானே வாங்கினேன், அதுவே சரியான விலைதானோ என்னமோ...

மரக்காரர்: எது சரி? சொல்லாமக் கொள்ளாம முறியுற மரம்டி நாவலு, ஆறுகூட அதுக்குப் பத்தாது... நீ உச்சியில ஒத்தக் கால்ல நிக்கிற, உன் தங்கச்சி கயித்தக் கக்கத்துல சொருகிக்கிட்டு போன்ல யாருகிட்டயோ சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கா... எதிர்ச் சந்துல வண்டிக்குள்ள உக்காந்திருந்த எனக்குல்ல அஞ்சு மரத்துக்கும் உயிர் போயி உயிர் வந்துச்சு!