சூடம் கொளுத்திய ஓடுதளம்

"ரன்னிங் டிராக்குல யாராச்சும் சூடம் கொளுத்துவாகளாக்கா?"

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டிலிருந்து வந்தது இந்தக் கேள்வி. கேட்டவள் ஒரு கல்லூரிப் பெண். மடியில் ஆணி வைத்த ஓட்டக் காலணிகள். பக்கத்தில் இருந்தவள் அதே கல்லூரியில் படித்து முடித்தவள் போலிருந்தது.

"நம்ம காலேஜுலயா?"

"ஆமா. குண்டுங்குழியுமாக் கெடந்த மண்ணு டிராக்க எடுத்துட்டு, இப்பத்தான் ரப்பர்ல போட்டாக. நேத்து தெறப்பு விழா. பூசணிக்கா மேல சூடத்தப் பொருத்திச் சுத்தி, ஓட்டம் முடியிற கோட்டுலயே போட்டு உடைச்சாக. எரியிற சூடம் ரப்பர்ல விழுந்து புகையுது. தண்ணி ஊத்த ஓடுனேன். சூடத்த அணைக்கக் கூடாதுன்னு பி.டி. சார் என்னைப் பிடிச்சு நிறுத்திட்டாரு."

"அய்யய்யோ, பெறகு?"

"உள்ளங்கை அகலத்துக்குக் கருகிப் பள்ளமாயிருச்சு. இன்னைக்கு நான் இந்த ஷூவப் போட்டுட்டு எறங்குனா, 'ஏம்மா, ஆணி குத்தி டிராக்கு பாழாயிரும், வெறுங்கால்ல ஓடு'ங்கிறாரு."

"அந்தப் பள்ளத்த என்ன செஞ்சாக?"

"மஞ்சத்தண்ணி தெளிச்சு, பொட்டு வச்சு, அந்தக் கோடு முழுசையும் சுத்திக் கயிறு கட்டிட்டாக. சாமி கும்பிட்ட எடமாம், கால் படக் கூடாதாம்."

மூத்தவள் சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதக்கா. முடியிற கோட்டுல கால் வைக்காம நான் எந்தப் பந்தயத்தச் செயிக்கிறது?"