ஊதின விசில்

தம்பி: ...கதவத் திறக்காதக்கா. தோத்த டீமோட கோச் வெளியவே நிக்கிறாரு.

அக்கா: நிக்கட்டும். ரெண்டு ரெஃப்ரீயும் எவ்வளவு நேரம்தான் இந்த ரூம்லயே பதுங்கிக் கிடக்கிறது?

தம்பி: நான் ஒண்ணும் பதுங்கல. ஷூ லேஸ் அவிழ்க்கிறேன்.

அக்கா: வந்ததுலேர்ந்து அதே லேஸத்தானேடா அவிழ்க்கிற... பாஸ்கெட்பால் ரெஃப்ரீ பரீட்சைக்கு உனக்கு மார்க் போட வந்தவரு போயிட்டாரா?

தம்பி: போயிட்டாரு. நான் பாஸாம்.

அக்கா: சந்தோஷம். மூஞ்சியப் பாத்தா தெரியலையே.

தம்பி: உன் மூஞ்சி மட்டும் என்னவாம்?

அக்கா: அடிபட்ட மாதிரி வேணும்னே விழுந்து நடிச்சா, போன வருஷம் நேரா டெக்னிக்கல் ஃபவுல். இந்த வருஷம் மொத தடவை வார்னிங் மட்டும். நான் பழையபடி ஃபவுலே குடுத்துட்டேன். புது விதிய எல்லா ரெஃப்ரீக்கும் விளக்கினவளே நான்தான்! வெக்கமா இருக்குடா.

தம்பி: ஆனைக்கும் அடி சறுக்கும்க்கா.

அக்கா: ஆனை சறுக்கினா ஆனைதான் விழும். இங்க விழுந்தது ஸ்கூல் பொண்ணு. எதிர் டீமுக்கு ஃப்ரீ த்ரோ... ஒரே பாயிண்ட்ல அவ டீம் தோத்துடுச்சு.

தம்பி: முடிஞ்ச மேட்ச். விடு...

கோச்: மேடம், உள்ள வரலாமா?

அக்கா: வாங்க சார். தப்பு என்மேலதான். வார்னிங்தான் குடுத்திருக்கணும்.

கோச்: விதியப் பத்திப் பேச வரல மேடம். தோத்தது போகட்டும். கேலரியே 'நடிகை, நடிகை'ன்னு கத்துச்சு. புள்ள பஸ்ல தலையில துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. இனிமே பந்தையே தொடமாட்டாளாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க... அவ நடிச்சாளா?

தம்பி: சார், அது ரெஃப்ரீயோட முடிவு...

கோச்: உங்களக் கேக்கல தம்பி. ...சரி மேடம். பஸ் இன்னும் கெளம்பல. நான் அங்கதான் இருப்பேன்.

தம்பி: போயிட்டாரு.

அக்கா: ம்.

தம்பி: அக்கா... அவ நடிக்கல. வளையத்துக்குக் கீழ நான்தானே நின்னேன். எதிர் டீம் பொண்ணோட முழங்கை அவ விலாவுல இறங்கினதப் பாத்தேன். கடைசி நிமிஷம், அவ்வளவு கூட்டம்... கை உறைஞ்சு போச்சு. நீ ஊதினதும் 'அப்பாடா'ன்னு இருந்துச்சுக்கா. ச்சே! அப்பாடாவாம்!

அக்கா: தெரியும்.

தம்பி: என்ன தெரியும்?

அக்கா: அடி விழுந்த சத்தம் எனக்கும் கேட்டுச்சுடா. அதுக்குத்தான் ஊதினேன். ஊதிட்டுப் பாத்தா, அது நீ பாக்க வேண்டிய பக்கம். நீ ஃபவுல்னு கையே தூக்கல. மேல உனக்கு மார்க் போடறவரு உக்காந்திருக்காரு. நெஜ ஃபவுல்னு சொன்னா நீ கோட்ட விட்டது அவருக்குத் தெரிஞ்சிடும், எப்படிச் சொல்லுவேன்? ஊதின விசிலுக்கு ஏதாவது சொல்லணுமே... நடிப்புன்னுட்டேன். பொய் சொல்ற அவசரத்துல பழைய விதிதான் வாயில வந்துச்சு. எந்திரி, அந்த லேஸக் கட்டு. பஸ் கெளம்பறதுக்குள்ள ரெண்டு பேரும் போகணும்.