தங்கசாமியின் தொண்டை

இல்லம்மா, அது செல்போன் டவர் இல்ல. கட்சிக்கொடி ஏத்துற கம்பமும் இல்ல. அந்தா, பஸ்ஸு திரும்புது பாரு, இப்ப நல்லாத் தெரியும். மொட்டை மாடியில, பெரிய மீனத் தின்னுட்டு முள்ள மட்டும் நட்டு வச்ச மாதிரி நிக்கிதே, அது எங்க வூடு. அந்த முள்ளு ஏரியல். அதுக்குக் கீழ ரூம்ல கைலியக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கிறது எங்க வூட்டுக்காரரு, மணிவண்ணன்.

ஹாம் ரேடியோ. கேள்விப்பட்டதில்லையா? சரி விடு. எங்க தெருவுல பாதிப் பேரு கேள்விப்பட்டதில்ல, மீதிப் பேரு கேள்விப்பட்டு மனு எழுதிப் போட்டவங்க. திருட்டு வேலை எல்லாம் இல்ல, கவர்மெண்டே லைசென்ஸ் குடுக்குது. பரீட்சை எழுதணும். பாஸானா ஒனக்குன்னு எழுத்தும் நம்பருமா ஒண்ணு குடுப்பாங்க, வண்டி நம்பர் மாதிரி. அதச் சொல்லித்தான் ஒருத்தர ஒருத்தரு கூப்பிடணும். பிரேசில்ல ஒருத்தன், ஜப்பான்ல ஒருத்தன், எல்லாம் இவர மாதிரியே வூட்டுல திட்டு வாங்கிக்கிட்டு மாடிக்கு ஏறினவனுங்க.

என்ன பேசுவாங்களா? ஒண்ணும் பேச மாட்டாங்க. சாதாரண நாள்ல வெயிலு, மழை, ஒன் ஏரியல் எவ்வளவு ஒசரம், அவ்வளவுதான். போட்டின்னு வந்தா அதுவும் கெடையாது. வருசத்துக்கு ஒருக்கா ஒலகப் போட்டி. சனி ஞாயிறு ரெண்டு நாளும். யாரு அதிகம் பேரப் புடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. இவரு நம்பர அவன் சொல்லணும், அவன் நம்பர இவரு சொல்லணும், ஃபைவ் நைன், தேங்க்யூ, அடுத்த ஆளு. ஃபைவ் நைன்னா ஒன் கொரலு கணீர்னு கேக்குதுன்னு அர்த்தம். கேக்கவே கேக்காதும்மா. கொர்ருங்கும். ஃபைவ் நைன், ஒண்ணுமே வெளங்கல, மறுபடி சொல்லுங்கம்பாரு இவரு. நீங்களும் ஃபைவ் நைன், நீங்க யாரும்பான் அவன். கல்யாண வீட்டுல சோறு கொழைஞ்சு கெடக்கும், சாப்பாடு எப்புடின்னு கேட்டா பிரமாதம்னு சொல்லிட்டுக் கை கழுவுறோமே, அதேதான்.

டிக்கெட்டா? அரியலூர் ஒண்ணு. ஒனக்கும் அரியலூரா? நல்லதாப் போச்சு. நீ ஜன்னல் பக்கமே இரு, எனக்குத் தூசி ஆகாது. போகப்போக சிமெண்ட் லாரியா வரும். நானா? ஒடம்புக்கு முடியாத ஒருத்தரப் பாக்கப் போறேன்.

இரும்மா, அவருதான் போன்ல. சொல்லுங்க. பிளாஸ்க்கா? பாத்திர அலமாரி மேல. மேலங்க, உள்ள இல்ல. தலையத் தூக்கிப் பாருங்க. ஆமா, வரதராஜன்பேட்டைதான். காதுகுத்து முடிஞ்சு திங்கக்கிழமை வந்துருவேன். பஸ்ஸு சத்தங்க, கேக்கல. வச்சிர்றேன்.

என்ன அப்புடிப் பாக்குற? ஒங்கிட்ட நோயாளின்னேன், அவருகிட்டக் காதுகுத்துன்னேன். ரெண்டுல ஒண்ணு நெசம். எறங்குறதுக்குள்ள சொல்லிர்றேன்.

போட்டி நாளைக்கு விடியக்காலையில ஆரம்பம். அதான் பிளாஸ்க்கு. ரெண்டு நாளைக்கு நாக்காலிய விட்டு எந்திரிக்க மாட்டாரு. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும்னு தண்ணியே குடிக்க மாட்டாரு. இட்லிய நாந்தான் பிச்சு வாயில வைக்கணும். அதையும் மென்னுக்கிட்டே கத்துவாரு. போன வருசம் பின்லாந்துக்காரன் ஒருத்தன், ஒங்க மைக்குல ஏதோ கோளாறுன்னான். கோளாறு இல்லடா, கொத்தமல்லிச் சட்னி.

இவ்வளவும் எதுக்குங்கிற? ஒலகத்துல முதலாவது வரவா? அந்த ஆசையெல்லாம் இல்ல. அரியலூர்ல தங்கசாமின்னு ஒருத்தரு இருக்காரு. சிமெண்ட் ஆலையில ரிட்டயர் ஆனவரு. அவரும் இதே பைத்தியந்தான். இவரு எத்தனையாவதா வந்தாலும் சரி, தங்கசாமிக்கு ஒரு படி மேல வந்துரணும். வந்ததே இல்ல. நம்ம மாவட்டத்தப் பிரிச்சாங்க, சேத்தாங்க, மறுபடி பிரிச்சாங்கல்ல? ரெண்டாவது தடவ பிரிச்சப்ப இவரு தெருவுக்கே மிட்டாய் குடுத்தாரு. தங்கசாமி வேற மாவட்டத்துக்குப் போயிட்டாரு, இனிமே பெரம்பலூர் மாவட்டத்துல நாந்தான் முதல்னாரு. பெரம்பலூர் மாவட்டத்துல இவரு ஒருத்தருதாம்மா.

சிரிக்காத. கூட இருந்து பாத்தாத் தெரியும். கேஸுக்குப் போன் போட்டா, பேரு சொல்லுங்க சாருங்குது அந்தப் பொண்ணு. ரேடியோவுல எழுத்து மாறிப் போகாம இருக்க எம்முக்கு மைக், ஏவுக்கு ஆல்ஃபான்னு சொல்லுவாங்க, அதே மாதிரி மைக், ஆல்ஃபா, நவம்பர், இந்தியான்னு ஆரம்பிக்கிறாரு. நவம்பர்லதான் சிலிண்டர் வேணுமா, இப்ப வேண்டாமா சாருன்னு கேட்டுச்சு.

ஆடி மாசம் எங்க தெரு மாரியம்மனுக்குக் கூழு ஊத்துனாங்க. மைக்செட்டு கட்டியிருந்தாங்க. இவரு மாடியில பட்டன அமுக்கிப் பேசப் பேச, அங்க கொழா ஸ்பீக்கர்ல வாத்து கத்துது. வக்கு வக்குன்னு. பூசாரி தீபாராதனைய நிறுத்திட்டாரு. ஒரு அம்மாவுக்குச் சாமி வந்துருச்சு. ஆத்தா என்னா கேக்குறான்னு ஆளாளுக்குக் கும்புட்டுக்கிட்டுக் கேக்க, ஆத்தா வாத்து கேக்குறான்னு அந்தம்மா சொல்லிருச்சு. கூழோட வாத்துக்கறிக்கு எங்க போறது? நான் வூட்டுக்கு ஓடியாந்து மெயின் சுவிட்ச அணைச்சேன். ஆத்தா மலையேறிட்டா.

எனக்கா? எனக்குப் புடிக்குமான்னா கேக்குற? அத யாரு கேட்டா. ஆனா ஒண்ணு, என் காது அப்புடி. திருச்சியில கான்வென்ட் சிஸ்டருங்ககிட்டப் படிச்சவ நான். டிக்டேஷன்ல ஒரு எழுத்து விட்டாப் போதும், ஸ்கேலு முட்டியில விழும். அடுப்படிக்கு நேர் மேல இவரு ரூம். இத்தாலிக்காரன்கிட்ட இவரு மறுபடி சொல்லு, மறுபடி சொல்லுன்னு கெஞ்சிக்கிட்டிருக்கிறப்ப, நான் கீழ சாம்பாருக்குத் தாளிச்சிக்கிட்டே புடிச்சிருவேன். மாடிப்படியில நின்னு கத்திச் சொல்லுவேன். கேக்க மாட்டாரு. போன வருசம் ஒரு தீவுக்காரன் வந்தான். ஆளே இல்லாத தீவும்மா, போட்டிக்குன்னே அங்க போயி உக்காந்தவன், அந்த ஒருத்தன் கெடச்சா மொத்தக் கணக்கும் பெருகிரும். கடைசி எழுத்து டி, டெல்டா, டெல்டான்னு கரண்டியோட நின்னு கத்துறேன். நீ அடுப்பப் பாரு, இதெல்லாம் ஒனக்கு வெளங்காதுன்னுட்டு பி, பிராவோன்னு போட்டாரு. ரிசல்ட்டு வந்தப்ப அந்தத் தீவு கணக்குல இல்ல. தங்கசாமி மேல, இவரு கீழ. ரெண்டு நாளு என்கூடப் பேசல. நான் என்னமோ தீவ ஒளிச்சு வச்ச மாதிரி.

பேரளி தாண்டிருச்சா? அப்ப சீக்கிரம் சொல்லிர்றேன்.

போன வாரம் தங்கசாமி வூட்டம்மா போன் பண்ணாங்க. செங்கமலம்னு பேரு. ஆம்பளைங்க ரெண்டு பேரும் எதிரிங்க, நாங்க ரெண்டு பேரும் தெனம் வாட்ஸாப்புல புருசங்கள ஏசிக்கிறவங்க. என்னா ஆச்சுன்னா, தங்கசாமி ஊருல கபடிப் போட்டிக்கு மைக்குல கமெண்டரி சொல்றேன்னு போயி, ரெண்டு நாளு விடாமக் கத்தி, தொண்டை மொத்தமாப் போயிருச்சு. டாக்டரு வாயே தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. காப்பி வேணும்னா டம்ளர் மாதிரி கையக் காட்டுறாராம். போட்டிக்கு ஒரு வாரந்தான் இருக்கு. செங்கமலம் சொல்லுது, அக்கா, அந்த ரேடியோ முன்னாடி உக்காந்து மனுசன் அழுவுறாருக்கா, சத்தம்கூட வரல.

எனக்கு மனசு கேக்கல. பாவம்ங்க தங்கசாமின்னு இவருகிட்டச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சட்டைய மாட்டிக்கிட்டு நேரா செட்டிகுளம் போனாரு. முழங்கால் வலின்னு மாடிக்குத் தண்ணிக்கொடம் தூக்காத மனுசன், மலைப்படி அத்தனையும் ஏறி முருகனுக்குத் தேங்கா ஒடச்சிட்டு வந்து எனக்குத் திருநீறு பூசுறாரு. அடுத்தவன் தொண்டை கட்டுனதுக்குத் தேங்கா ஒடச்ச ஆளு ஒலகத்துலேயே இவரு ஒருத்தராத்தான் இருக்கும். இந்த வருசம் நமக்குத்தான்னு மூஞ்சியெல்லாம் பல்லு.

அன்னைக்கிச் சாப்புடுறப்ப நான் சும்மாதான் கேட்டேன். நானும் ஒரு தடவ அந்த மைக்குல பேசிப் பாக்கட்டுமான்னு. கொழம்ப ஊத்திக்கிட்டே, நிமிந்துகூடப் பாக்காமச் சொல்றாரு: இது சந்தையில கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுற வாயி இல்ல. இதுக்கு இங்கிலீஷ் வேணும், பொறுமை வேணும்.

பொறுமை இல்லைதான். அத நானே ஒத்துக்கிறேன். இங்கிலீஷ் இல்லையாம். யாருக்கு? இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில கப்பு வாங்கினவளுக்கு. சொல்றது யாரு? குரும்பலூர்ல படிச்சிட்டு, ஃபைவ் நைன பைவு நைனுன்னு நூறு நாட்டுக்காரன்கிட்டச் சொல்ற மனுசன். அப்பளத்த மட்டும் அவரு தட்டுலேர்ந்து எடுத்துக்கிட்டேன்.

மறுபடி போனு பாரு. என்னாங்க? தயிருக்கு ஒற ஊத்திட்டேன். புளிக்கிறதுக்குள்ள சாப்பிட்டுருங்க. ஆமா, தங்கசாமிக்கு இன்னும் சரியாகலையாம், செங்கமலம் சொன்னாங்க. நல்லாத் தூங்குங்க. நாளைக்கு நல்லாப் பண்ணுங்க. ம். வக்கிறேன்.

ஆமாம்மா, வாழ்த்துனேன். நல்லாப் பண்ணட்டுமே.

புத்திசாலி நீ. நோயாளி அவருதான், தங்கசாமி. ஆனா சாத்துக்குடி வாங்கிட்டுப் போயிப் பாத்துட்டு வர்றதுக்கா ரெண்டு புடவைய எடுத்து வச்சிக்கிட்டுப் போறேன்? அவரு ரேடியோ அங்க சும்மாதானே கெடக்கு. தொண்டை இல்லைன்னாத்தான் என்ன, எங்கிட்ட ஒண்ணு இருக்குல்ல.

லைசென்ஸா? இல்லைன்னு யாரு சொன்னா? தங்கச்சி மக வளைகாப்புன்னு சென்னைக்குப் போனேனே, அப்பவே பரீட்சை எழுதிட்டு வந்தாச்சு. வளைகாப்பும் நெசந்தான். சீர்ப்பலகாரம் கொண்டாந்து குடுத்தேன், ரெண்டு அதிரசம் சேத்தே தின்னாரு. லைசென்ஸு தங்கச்சி வூட்டு அட்ரஸுக்கு வந்துச்சு. இவருக்குத் தெரியாது. எப்பவாவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன், கேக்கல.

நாளைக்கு அரியலூர்லேர்ந்து கூப்பிடப் போறது நாந்தான். செங்கமலம் டீ போடும். ஏரியல எந்தப் பக்கம் திருப்பணும்னு தங்கசாமி கையால காட்டுவாரு. பொம்பளக் கொரலு கேட்டா ஒலகத்துல உள்ளவன் பூரா அடிச்சிப் புடிச்சிக்கிட்டு வருவானாம். வரட்டும், வரிசையில நிக்க வைக்கிறேன். ரேஷன் கடையில நிக்க வச்சுப் பழக்கந்தானே.

இவரா? இவருக்கு என் சத்தந்தான் முதல்ல கேக்கும், பக்கத்து ஊருல்ல. கொரலு தெரிஞ்சிரும். ஒரு நிமிசம் ஆடிப் போயிருவாரு. ஆனா விட முடியாது. எங்கிட்டப் பேசலைன்னா ஒரு பாயிண்டு கொறையும்.

பேரு கேட்டியா? பூவிழி. பாத்தியா, ஒண்ணா பஸ்ஸுல வந்த ஒனக்குக் கேக்கத் தோணுது. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு வாயில எனக்கு, இந்தா, ஏய், இங்க பாரு, இவ்வளவுதான். நான் அதப் பெருசு பண்றதில்ல. நாளைக்கு எனக்குன்னு கவர்மெண்டு குடுத்த நம்பர அவரு எழுத்தெழுத்தாச் சொல்லி என்னக் கூப்பிடணும். நான் பதில் குடுக்கிற வரைக்கும் காத்துக் கெடக்கணும்.

ஸ்டாண்டு வந்துருச்சு. அந்தப் பைய மட்டும் எடுத்துக் குடு. நல்லாரும்மா.

தப்பாச் சொன்னாவா? தப்பாச் சொன்னா, மறுபடி சொல்லுங்கம்பேன். சரியாச் சொன்னாலும் அதான்.