கரண்டு இல்லாத வீடு

நான் மாட்டுன சுவிட்சு போர்டு எதுவும் கோணலா இருக்காது சார். ரசமட்டம் வச்சுப் பாத்துத்தான் முடுக்குவேன். ஆரப்பாளையத்துல இருந்து சோழவந்தான் வரைக்கும் இருபத்திரண்டு வருசமா ஒயரிங் வேலை பாக்குறேன். தவசி வந்துட்டுப் போனா அந்த வேலைக்குத் திரும்ப ஆளைக் கூப்புட வேண்டியதில்லைன்னு சொல்லுவாங்க. பெருமைக்காகச் சொல்லல. முருகம்மா வீட்டு அடுப்படியில நான் செஞ்சதைத் தெரியாம செஞ்சுட்டான்னு நீங்க எழுதிறக் கூடாது. அதுக்காகத்தான் சொல்றேன்.

முருகம்மாள் என் சம்சாரம் நாகஜோதிக்குக் கூடப்பொறந்த தங்கச்சி. சோழவந்தான்ல வீடு. புருசன் பால்பாண்டி வெத்தலைக் கொடிக்கால்ல மோட்டார் போட்டு விடுறது, தண்ணி பாய்ச்சுறதுன்னு இருந்தான். ஒரே மக ரோகிணி. எனக்கும் நாகஜோதிக்கும் கல்யாணமாகிப் பதினேழு வருசம் ஆச்சு, புள்ளையில்ல. லீவு விட்டா ரோகிணி எங்க வீட்டுக்கு வந்துருவா. அவளைத் திருப்பிக் கொண்டுபோய் விடுற அன்னைக்கு நாகஜோதி சோறு திங்க மாட்டா.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, பங்குனி மாசம், முருகம்மா போன் பண்ணுனா. அவ வீட்டுலயே மாவு ஆட்டி அக்கம்பக்கத்துக்கு விக்கிறவ. "மச்சான், கிரைண்டரைத் தொட்டா சுர்ருங்குது. மாவு அள்ளவே பயமா இருக்கு"ன்னா. போய்க் கழட்டிப் பாத்தேன். பழைய வீடு. அடுப்படி பிளக்குல மூணு ஓட்டை இருந்துச்சு, ஆனா எர்த்துக்குன்னு ஒயரே வரல. மேல் ஓட்டை பேருக்கு இருந்துச்சு.

இந்த இடம் உங்களுக்குப் புரியணும் சார், இல்லாட்டி மத்தது எதுவும் புரியாது. பேஸ் ஒயர்ல வர்ற கரண்டு, வேலையை முடிச்சிட்டு நியூட்ரல் ஒயர் வழியாத் திரும்பிப் போகும். எர்த்து ஒயருக்கு அன்றாடம் வேலையே கிடையாது. மெசினோட இரும்பு உடம்புல எப்பவாவது கரண்டு இறங்குனா, அதை மண்ணுக்குக் கொண்டுபோறதுக்காக மட்டும் அது காத்துக்கிட்டு இருக்கும். சரியா செய்யணும்னா வெளிய குழி தோண்டிக் கம்பி இறக்கி, அங்க இருந்து சுவத்தைக் கொத்தி அடுப்படி வரைக்கும் ஒயர் இழுக்கணும். மறுநாள் அவங்க வீட்டுல சாமி கும்பிடு. சுவத்துக்கு அப்பத்தான் வெள்ளையடிச்சிருந்தாங்க.

"இப்பக் கொத்தாதீங்க மச்சான். விருந்தாளுங்க வாராங்க. பெறகு வந்து செய்யுங்க"ன்னு முருகம்மா கெஞ்சுனா.

அதனால விரக்கடை நீளத்துக்கு ஒரு ஒயரை வெட்டி, அந்த பிளக்குக்குள்ளயே நியூட்ரல் முனையையும் எர்த்து முனையையும் சேத்து முடுக்குனேன். சுர்ருங்கிறது நின்னுபோச்சு. அவ கிரைண்டர் மேல உள்ளங்கையை வச்சுப் பாத்துட்டுச் சிரிச்சா.

"அம்புட்டுத்தானா மச்சான்?"

"அம்புட்டுத்தான்"னேன்.

அம்புட்டு இல்ல. அது எனக்குத் தெரியும். மீட்டர்கிட்ட நியூட்ரல் ஒயர் எரிஞ்சோ கழண்டோ விட்டுப்போச்சுன்னா, வீட்டுல ஒரு லைட்டும் எரியாது, பேன் ஓடாது. பாக்குறவங்க கரண்டு போச்சுன்னு நினைப்பாங்க. ஆனா பேஸ்ல கரண்டு வந்துக்கிட்டுத்தான் இருக்கும். திரும்பிப் போக வழியில்லாம, வீட்டுல போட்டு வச்சிருக்குற பிரிட்ஜு வழியா உள்ள நொழஞ்சு நியூட்ரல்ல நிக்கும். நான் சேத்துக் கட்டுன ஒயர் வழியா அப்படியே கிரைண்டர் உடம்புக்கு வந்துரும். சுவிட்சை அணைச்சிருந்தாலும் வரும். இதை அவகிட்ட நான் சொல்லல. சாமி கும்பிடு முடிஞ்சதும் வந்து சரி பண்ணிறலாம்னு நினைச்சேன். அஞ்சு மாசம் நினைச்சுக்கிட்டே இருந்தேன். சோழவந்தான் பஸ்ஸைப் பாத்தா ஞாபகம் வரும். வேற யாராவது வேலைக்குக் கூப்புட்டா மறந்துரும்.

ஆவணியில ஒருநாள் காலையில ஏழரை மணிக்கு பால்பாண்டி போன் பண்ணுனான். "அண்ணே, முருகம்மா விழுந்துட்டா. மூச்சு இல்லண்ணே."

மாவு ஓடிக்கிட்டு இருக்கையில கரண்டு போயிருக்கு. அவங்க வீட்டுல மட்டும்தான் போயிருக்கு, பக்கத்து வீட்டுல டிவி ஓடியிருக்கு. முருகம்மா கிரைண்டர் சுவிட்சை அணைச்சிட்டுத்தான் மாவை அள்ளக் கை வச்சிருக்கா. அவ ஒரு தப்பும் பண்ணல சார். நெஞ்சுவலின்னுதான் எல்லாரும் பேசிக்கிட்டாங்க. கரண்டே இல்லாத வீட்டுல வேற என்னத்தை நினைப்பாங்க?

உடம்பை வைக்க ஐஸ் பெட்டி கொண்டாந்துட்டாங்க. அதுக்குக் கரண்டு வேணும். நான் அங்கயே இருக்கேன், வேற யாரைத் தேடப்போறாங்க? மீட்டர்ல நியூட்ரல் முனை கருகிக் கிடந்துச்சு. வெட்டிப் புதுசா முடுக்குனேன். பியூஸ் போயிருந்துச்சுன்னு வெளிய சொன்னேன். பெறகு அடுப்படிக்குள்ள போயி பிளக்கைக் கழட்டி அந்த விரக்கடை ஒயரை எடுத்துட்டேன். வெளிய பொம்பளைங்க மாரடிச்சு அழுதுக்கிட்டு இருந்தாங்க. ரோகிணி வாசப்படியில வந்து நின்னு, "பெரியப்பா, தண்ணி வேணுமா?"ன்னு கேட்டா. அன்னைக்கு அவளுக்கு ஒம்பது வயசு. வாங்கிக் குடிச்சேன்.

மறுநாள் குளிப்பாட்டுறப்ப நாகஜோதிதான் உள்ளங்கையில கருகுன தடத்தைப் பாத்தா. நாலு நாளைக்கு முன்னாடி பால்பாண்டி முருகம்மாவைக் கைநீட்டி அடிச்சிருந்தான், அந்தச் சண்டை தெருவுக்கே தெரியும். "எந்தங்கச்சிக்குக் கரண்டு வச்சுக் கொன்னுட்டான்"னு நாகஜோதி கத்துனா. உடம்பை அறுத்துப் பாத்தாங்க. கரண்டு அடிச்சுத்தான் சாவுன்னு வந்துச்சு. பரிசோதிக்க வந்த ஆபீசர் கிரைண்டரைப் பாத்தாரு, லேசான கசிவுதான், இதுல ஆள் சாகாதுன்னாரு. வீட்டுலயோ அந்த நேரம் கரண்டே இல்லன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க. அப்ப மீட்டருக்கு முன்னாடி, கம்பத்துல இருந்து வர்ற ஒயர்ல யாரோ தனியா ஒயர் இழுத்து அவ கையில வச்சிருக்கணும்னு போலீசுல முடிவு பண்ணுனாங்க. மோட்டார் போடுறவன், ஒயர் பிடிக்கத் தெரிஞ்சவன், வீட்டுல இருந்த ஒரே ஆம்பளை பால்பாண்டி. கொலைக் கேசுல அவனை உள்ள வச்சாங்க.

என்னையும் கேட்டாங்க. "ஒயரிங் நீங்க பாத்ததுதானே, எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சார்"னு கையெழுத்துப் போட்டேன்.

ரோகிணியை எங்க வீட்டுக்குக் கூட்டியாந்தோம். பெரியம்மா வீடு, வேற எங்க போவா? மொத மூணு மாசம் நாகஜோதி சேலையைப் பிடிச்சுக்கிட்டேதான் தூங்குனா. பெறகு பக்கத்துலயே பள்ளிக்கூடத்துல சேத்தோம். சாயங்காலம் நான் வண்டியில போயி நிப்பேன். கூட்டத்துக்குள்ள என்னைத் தேடிக் கண்டுபிடிச்சதும் அந்த முகம் மாறும் பாருங்க, அதை நான் அதுக்கு முன்னாடி என் வாழ்க்கையில பாத்ததில்ல.

ஜெயில் எங்க வீட்டுல இருந்து நடந்து போற தூரம்தான். மாசம் ஒருக்கா பால்பாண்டியப் பாக்கப் போவேன். நாகஜோதிக்குத் தெரியாது. சொந்தத்துல அவனைப் பாக்கப் போன ஆளு நான் ஒருத்தன்தான்.

"அண்ணே, நான் அடிச்சேன், அது உண்மைதான். அதுக்கு என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கிறேன். ஆனா கரண்டே இல்லையேண்ணே. எப்படிண்ணே செத்தா? உங்களுக்குக்கூடவா புரியல?"ன்னு கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கேப்பான்.

"யோசிச்சுப் பாக்குறேன்யா"ன்னு சொல்லிட்டு வருவேன்.

அவனுக்காக ஆஜரான வக்கீலம்மா, தமிழ்வாணின்னு பேரு, ஒருநாள் வீட்டுக்கே வந்தாங்க. கெட்டிக்கார அம்மா. யாரோ இஞ்சினியர்கிட்ட விசாரிச்சிருக்காங்க. "நியூட்ரலையும் எர்த்தையும் பிளக்குல சேத்துக் கட்டியிருந்து, அன்னைக்கு நியூட்ரல் விட்டுப்போயிருந்தா, கரண்டு இல்லாத மாதிரியே இருந்துக்கிட்டு ஆளை அடிக்குமாமே? அங்க அப்படி ஏதாச்சும் பாத்தீங்களா?"ன்னு கேட்டாங்க.

ரோகிணி கூடத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தா. பென்சிலை நிறுத்திட்டு என்னையப் பாத்தா.

"வெவரம் தெரிஞ்ச ஆளு யாரும் அப்படிக் கட்ட மாட்டாங்கம்மா. நான் எதையும் பாக்கல"ன்னேன்.

இந்த இடத்தை விட்டுறாம எழுதிக்கங்க சார். முன்னாடி பொய் சொன்னப்ப எனக்குப் பயம் இருந்துச்சு. அன்னைக்குப் பயமே இல்ல. வக்கீலம்மா படியிறங்குனதும் ரோகிணி பக்கத்துல வந்து, "அப்பா வெளிய வந்துட்டா என்னையக் கூட்டிட்டுப் போயிருவாரா?"ன்னு கேட்டா. "மாட்டாரு"ன்னேன். என் தோள்ல சாஞ்சுக்கிட்டா. நான் சொன்ன பொய்க்கு என்ன காரணம்னு கேட்டீங்கன்னா அதுதான்.

போன வாரம் அவனுக்கு ஜாமீன் கெடைச்சுருச்சு. நேரா எங்க வீட்டுக்குத்தான் வந்தான். ஆளு பாதியாப் போயிருந்தான். நாகஜோதி கடைக்குப் போயிருந்தா. அவனைப் பாத்ததும் ரோகிணி உள்ள ஓடிக் கதவைத் தாப்பாப் போட்டுக்கிட்டா. இவன் கதவுல நெத்திய வச்சு, "நான் செய்யல ஆத்தா. அப்பா செய்யல ஆத்தா"ன்னு சொல்லிக்கிட்டே நின்னான். நான் ரெண்டடி தூரத்துல நின்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தாக் கதவு தெறந்திருக்கும். சொல்லணும்னு வாயத் தெறந்தேன் சார், அது நிசம். ஆனா வந்த வார்த்தை வேற. "இன்னைக்கு வேணாம் பால்பாண்டி, புள்ளை பயப்படுறா. இன்னொரு நாளைக்கு வாய்யா"ன்னேன்.

அவன் என் ரெண்டு கையையும் பிடிச்சு, "நீங்க ஒருத்தர்தாண்ணே என்னைய மனுசனா மதிச்சீங்க. பாத்துக்கங்க"ன்னுட்டுப் போனான். மறுநாள் கொடிக்கால்ல மருந்தைக் குடிச்சுட்டுக் கெடந்தான். நான்தான் போயி அடையாளம் காட்டுனேன்.

அதுல இருந்து ரோகிணி சரியாச் சாப்பிடல. நேத்துக் காலையில தலை பின்னிக்கிட்டு இருக்கையில திடீர்னு, "கொலைகாரன் மகளுக்கும் அந்தப் புத்தி வரும்னு பள்ளிக்கூடத்துல சொல்றாங்க. வருமா பெரியப்பா?"ன்னு கேட்டா. ராத்திரி பூரா படுக்கல. விடிஞ்சதும் குளிச்சுட்டு இங்க ஸ்டேசனுக்கு வந்துட்டேன்.

எழுதிக்கங்க. முருகம்மாளைக் கொன்னது நான். பால்பாண்டியையும் நான்தான் கொன்னேன். எந்தப் பிரிவுல வேணும்னாலும் உள்ள வைங்க, வக்கீல் வைக்க மாட்டேன். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். பால்பாண்டி குத்தவாளி இல்லன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அதைப் புள்ளைகிட்டக் காட்டணும்.

அந்தத் தாள்ல என் பேரு மட்டும் வேணாம் சார். கரண்டுக் கோளாறுன்னு போட்டுருங்க, அது பொய்யில்லையே. வெளியூர்ல பெரிய வேலை எடுத்துருக்கேன்னு நாகஜோதிகிட்டச் சொல்லிக்கிறேன். ரோகிணி ஏற்கெனவே ஒரு அப்பனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறா. இருக்குற அப்பனையும் அவகிட்ட இருந்து பறிக்கிறது பெரிய பாவம். அந்தப் பாவத்தை நீங்க பண்ணிறாதீங்க.