வாசனை போன வாரம்

கழுத்தில் கட்டி எனக்குத்தான் முதலில் வந்தது, டாக்டரம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷனுக்குப் படுக்க வைக்கிற எல்லோரிடமும் கேட்கிற மாதிரிதான் நீங்களும் கேட்டீர்கள், கொரோனா வந்திருக்கா, எப்போ என்று. "ரெண்டாவது அலையிலங்க, சித்திரையில. டெஸ்ட் எடுக்கலீங்க, வாசனை மட்டும் சுத்தமாப் போயிருச்சு" என்று நானும் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உங்கள் முகம் மாறிவிட்டது. அது செல்வப்பிரியா தனியாக இருந்த வாரம் என்பது உங்களுக்கு மறந்திருக்காது. மறைத்து என்ன ஆகப்போகிறது, கேளுங்கள்.

செல்வப்பிரியா என் கொழுந்தன் பூபதிராஜாவின் பெண்டாட்டி. நான் பொறாமைப்படுகிற ஆள் இல்லைங்க. பக்கத்து வீட்டில் ஏசி மாட்டியபோதுகூட விலையை மட்டும்தான் விசாரித்தேன். ஆனால் எங்கள் ஊட்டில் அவளுக்குத் தும்மல் வந்தால் அத்தை சுக்குத் தட்டுவார். எனக்குக் கழுத்தில் எலுமிச்சை அளவுக்குத் தைராய்டு கட்டி வந்தபோது, "சேலையை இழுத்து மூடிக்க, தெரியாது" என்றார்.

எனக்கு நாள் குறித்த பிறகுதான் அவளுக்கு நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. கேன்சர் என்றீர்கள். நோய்க் காலத்தில் அவசர ஆபரேஷன் மட்டும்தான் என்று என் நாளை எடுத்து அவளுக்குக் கொடுத்தீர்கள். "சேச்சி, உங்களோடது காத்திருக்கும், இவங்களோடது காத்திருக்காது" என்று, உங்கள் மலையாளத்தில் அக்கா என்று கூப்பிட்டு, என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து விளக்கினீர்கள். கிருமி குடியிருப்பதே மூக்கிலும் தொண்டையிலும்தான். அங்கேயே கத்தி வைத்தால் காற்றில் தெறிக்கும், சுற்றி நிற்கிறவர்களுக்கு ஒட்டும், நோயாளியின் நெஞ்சும் தாங்காது. அதனால் ஆபரேஷன்வரை அவள் தனியாக இருக்க வேண்டும். முந்தின நாள் மூக்கில் குச்சி விட்டுப் பார்ப்போம், பாசிட்டிவ் என்றால் தியேட்டருக்குள்ளேயே எடுக்க மாட்டோம் என்றீர்கள். மற்றவர்கள் பயந்துகொண்டு கேட்டார்கள். நான் கவனமாகக் கேட்டேன்.

தோட்டத்துச் சாளை வீட்டைக் கழுவி அவளை அங்கே விட்டோம். கட்டிலைத் தூக்கிப் போனது என் வீட்டுக்காரர். எனக்காக அவர் ஒரு தலையணை தூக்கியதில்லை. சோற்றை வாசற்படியில் வைத்துவிட்டு எல்லோரும் எட்ட நின்று பேசிவிட்டு வருவார்கள்.

அந்த வாரம் ஒரு நாள் தாளிக்கும்போது பெருங்காயம் கருகிவிட்டது. அத்தை முற்றத்திலிருந்து கத்துகிறார், சட்டி பக்கத்தில் நிற்கிற எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சோப்பை எடுத்து மோந்தேன். காப்பித்தூளை மோந்தேன். ஒன்றுமில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சீப்பையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு சாளைக்குப் போனேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம், ஆஸ்பத்திரிக்குப் போகிறவளை மூத்த மருமகள் தலைவாரி அனுப்ப வேண்டும். என்னைப் பார்த்ததும் அவள் சுவரோரமாக ஒதுங்கினாள்.

"ஏனுங்கக்கா, யாரும் வரக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"பேன் புடிச்ச தலையோடயா போவ? உக்காரு புள்ள. ஊர் சிரிக்கும்."

அவளும் சிரித்தாள். புண்ணால் பேச்சு குழறியது. பிறகு அழுதாள். "பேச்சு போயிருமாக்கா? புள்ளைகளக் கூப்பிட முடியுமா?" என்றாள். அழுகிற முகத்துக்கு மாஸ்க் எதற்கு என்று நான்தான் கழற்றிவிட்டேன். என்னுடையதையும். கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு, சிக்கெடுத்து, ஆற அமரப் பின்னிவிட்டேன். அவ்வளவு நேரம் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்ததே அன்றைக்குத்தான். போகும்போது, "யார்கிட்டயும் சொல்லாத, எனக்குத் திட்டு விழும்" என்றேன். அவள் சொல்லவில்லை. நல்ல பெண்.

பாசிட்டிவ் என்று வந்தது. அப்புறம் மூச்சுத்திணறல், ஆக்சிஜன், அது இது என்று இழுத்தது. அவள் தேறி வந்தபோது கழுத்தெல்லாம் பரவியிருந்தது, இனி கத்தி வைக்க முடியாது என்று நீங்களே கண்ணைத் துடைத்தீர்கள். தீபாவளிக்கு அவள் இல்லை.

என்னால் என்று ஒருவரும் நினைக்கவில்லை. கேரள எல்லையில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் பொள்ளாச்சிக்கு ஒரு எழவுக்குப் போய் வந்த அத்தை, தான்தான் கொண்டுவந்து ஒட்டவைத்தோம் என்று இன்றைக்கும் நம்புகிறார். கொழுந்தன் அவரோடு பேசுவதில்லை. நான் நடுவில் புகவில்லை.

கொஞ்ச நாள் தள்ளிப்போகட்டும் என்றுதான் செய்தேன் என்று எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். நிற்கவில்லைங்க. தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்திருந்தது. புரிந்துதான் போனேன்.

போலீசுக்குச் சொல்ல வேண்டுமென்றால் சொல்லுங்கள். அத்தையிடம் மட்டும் ஆபரேஷன் முடிந்த பிறகு சொல்லுங்கள். வெளியே உட்கார்ந்து எனக்காக அழுதுகொண்டிருக்கிறார், நர்ஸ் சொன்னாள். இப்போது சொன்னால், அந்த அழுகையையும் செல்வப்பிரியாவுக்குத் திருப்பிவிடுவார்.